ஆப்புக்கு எதிர்காலம் இல்லை

அந்த நிறுவனத்தில் எண்ணூறு பேர் வேலை செய்வதாக வாசல் பலகை சொன்னது. உண்மையில் ஏதாவது ஒன்றைச் செய்து வெளியே அனுப்புகிறவர்கள் நூற்றுப் பத்துப் பேர்தான். அவர்களை முதல் மாடியில், ஜெனரேட்டருக்கு நேர் மேலே உட்கார வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாடி முழுவதும் எதிர்காலத் துறைக்கு. அங்கே கம்பளம் விரித்திருந்தது. காலடிச் சத்தம் கேட்காது.

எதிர்காலத் துறை ஒற்றை ஆளாகத்தான் தொடங்கியது. எந்த வேலைக்கு இனி மவுசு, எந்த வேலை மங்கிப்போகும் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது அவருடைய பணி. எழுதியது தப்பாகப் போயிற்று. ஏன் தப்பாகப் போயிற்று என்று கண்டுபிடிக்க இரண்டு உதவியாளர்களைக் கேட்டார். கொடுத்தார்கள். மூவரும் சேர்ந்து எழுதியதும் தப்பாகப் போயிற்று. இப்படியே வளர்ந்து, இந்தக் கதை நடந்தபோது அங்கே நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். முதல் ஆள் தலைவராகிவிட்டார்.

முதல் மாடியில் ஆப்பு என்று ஒருத்தி இருந்தாள். ஒன்பது வருஷமாக போனுக்கு ஆப் செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர். வயது முப்பத்தொன்பது. எதிர் இருக்கையில் இருந்தவர் வெப்பு. அவர் வெப்சைட் செய்கிறவர், அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மின்விசிறி. அதை யார் பக்கம் திருப்புவது என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு சண்டை இருந்ததில்லை.

ஆப்பு செய்து வைத்திருந்தவற்றில் முக்கியமானது ஒரு வேன் ஆப். ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போக வருவார்கள். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்தால் கால் தள்ளாடும். போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் வீட்டுக்குக் கூட்டிப்போக வாசலில் வேன் வந்து நிற்கும். அந்தப் பிரிவு நிலத்துக்கு அடியில், தடித்த சுவர்களுக்குள் இருந்தது. அங்கே சிக்னல் எடுக்காது. அதனால் அமுக்கியதை போனே பத்திரமாக வைத்திருந்து, சிக்னல் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும் அனுப்பிவிடுகிற மாதிரி அவள் செய்திருந்தாள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அந்தப் பிரிவில் தலைமை நர்ஸ் அவளுடைய கூடப்பிறந்த அக்கா.

வெப்பு அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளிப் பதிவேட்டை வெப்சைட்டாகச் செய்து கொடுத்திருந்தார். குமாஸ்தா எந்தப் பழைய கம்ப்யூட்டரில் திறந்தாலும் திறக்கும். காலையில் ஒரு மாற்றம் கேட்டால் மதியத்துக்குள் வந்துவிடும். ஆப்பு செய்ததை வெப்பு செய்ய முடியாது, வெப்பு செய்ததை ஆப்பு செய்ய வேண்டியதில்லை. இது முதல் மாடியில் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் மாடிக்குத் தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கள்கிழமை காலை எல்லாரையும் பெரிய அரங்குக்கு வரச் சொன்னார்கள். தலைவர் மேடையேறினார். பின்னால் திரையில் இரண்டு கோடுகள். ஒன்று மேலே போயிற்று, ஒன்று கீழே வந்தது.

“போன் ஆப்போட காலம் முடிஞ்சுபோச்சு. இதை நான் சொல்லல. கோடு சொல்லுது. இனிமே வெப்தான். ஆப் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் மூணு வருஷத்துல வேலை இருக்காது. இப்பவே இருக்கக் கூடாது. ஆனா நாங்க இரக்கப்பட்டு வச்சிருக்கோம்.”

முன்வரிசைகளில் இருந்த ஐந்தாம் மாடிக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டுவது அவர்களுடைய பணிவிவரத்தில் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ, “சார், கோட்டுக்குப் பக்கத்துல எண் எதுவும் இல்லையே?” என்று கேட்டார்.

“எண்ணைப் பாத்தா நீங்க பயந்துடுவீங்கன்னு எடுத்துட்டோம்” என்றார் தலைவர் கனிவாக.

ஆப்பு கையைத் தூக்கினாள். “சார், வேன் ஆப்பை இனிமே யார் பாத்துப்பாங்க?”

“யாரும் பாக்க வேண்டாம்மா. எதிர்காலம் இல்லாததைப் பாத்துக்கறது நிகழ்காலத்துக்குப் பண்ற துரோகம்.”

“அது ஓடிட்டிருக்கே சார். தினமும் எழுபது பேரு…”

“தலை வெட்டுன கோழியும் கொஞ்ச நேரம் ஓடும்” என்றார் தலைவர். அரங்கமே சிரித்தது. ஆப்பு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவளை ஐந்தாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஆலோசகர் என்று ஒரு இளைஞர், இருபத்தாறு வயது இருக்கும், மனமாற்றப் படிவம் என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

“உங்களுக்கு எதிர்காலம் இல்லைன்னு முதல்ல எப்ப உணர்ந்தீங்க?”

“நேத்து காலைல பத்தரைக்கு. நீங்கதான் சொன்னீங்க.”

‘தாமதமாக உணர்ந்தவர்’ என்று அவர் எழுதிக்கொண்டார்.

“தம்பி, நீங்க ஆப் பண்ணியிருக்கீங்களா, வெப் பண்ணியிருக்கீங்களா?”

“ரெண்டும் இல்ல மேடம். படிச்சு முடிச்சதும் நேரா இந்தத் துறைக்குத்தான் வந்தேன். நான் எந்த வேலையும் பாத்ததில்ல. அப்பத்தானே பாரபட்சம் இல்லாம சொல்ல முடியும்?”

அவர் கிண்டல் செய்யவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘நான் இதுவரை செய்த வேலைக்காக வருந்துகிறேன்’ என்று இருந்தது. வருந்தவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியில் வழியனுப்பு விழா. ஆப் செய்கிற பதினான்கு பேரும் மேடையில் நின்று, தாங்கள் செய்த ஆப்பைத் தங்கள் போனிலிருந்து அழிக்க வேண்டும். அழித்ததைச் சபைக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பூங்கொத்து. ஒருவர் ஒன்பது மாதம் கண்விழித்துச் செய்த ஆப்பை அழிக்கும்போது அழுதுவிட்டார். ஆலோசகர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அழுங்க சார், நல்லா அழுங்க. மனமாற்றத்துல இது மூணாவது கட்டம்” என்றார்.

பிறகு எட்டு வாரப் பயிற்சி. பாடம் எடுத்தவரும் அதே ஆலோசகர்தான். முதல் வாரம், வெப் என்பது ஒரு மனநிலை. இரண்டாம் வாரம், தயக்கத்தை விடுவது எப்படி. கம்ப்யூட்டரைத் தொட்டது ஆறாம் வாரத்தில். அதற்குள் வேன் ஆப்பை நிறுத்திவிட்டு, பதிலாக ஒரு வெப் பக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதை வெப்புவிடம்தான் செய்யச் சொன்னார்கள். அவர், கீழ்த்தளத்தில் இது வேலை செய்யாது என்று எழுதிக் கொடுத்தார். ‘எதிர்காலத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்கும்’ என்று பதில் வந்தது.

பயிற்சியின் ஏழாவது வாரம், மதிய இடைவேளையில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஏய் சின்னவளே, என்னடி பண்ணி வச்சிருக்கீங்க? அமுக்குனா வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கு. இங்க வாரம் மூணு தடவை வர்றாரே டிராயிங் மாஸ்டர், அவரு நேத்து மூணு மணி நேரம் படியில உக்காந்திருக்காருடி. வேன் வரும் வரும்னு. யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லவே இல்ல மனுஷன். நான் டியூட்டி முடிஞ்சு போறப்ப பாத்தா சுருண்டு கிடக்காரு. பிரஷர் அறுபதுக்கு இறங்கிப்போச்சு. மறுபடி உள்ள தூக்கிட்டுப் போனோம்.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“பொழச்சுக்கிட்டாரு. ஆனா இன்னொரு தடவை இப்படின்னா எனக்குத் தெரியாது. உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். ‘உங்கள் மனநிலையை மாற்றிக்கொள்ளுங்கள்’ங்கிறான் ஒருத்தன். எவன்டி அவன்?”

ஆப்பு சாப்பிடாமல் எழுந்து தன் பழைய இருக்கைக்குப் போனாள். எதிரே வெப்பு இருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

“நான் பண்ணுன பக்கம்தானே அது” என்றார் பிறகு. “நீ உன் ஆப்பை மறுபடி ஏத்து. யாராவது வந்தா நான் பாத்துக்கறேன்.”

அழித்தது போனில் இருந்ததைத்தான். ஆப்பை எழுதிவைத்த மூலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. மூன்று மதிய இடைவேளைகளில் அவள் அதைச் சரிபார்த்து மறுபடி நோயாளிகளுக்குக் கிடைக்கும்படி செய்தாள். வெப்பு மாடிப்படியில் நின்று, யார் வந்தாலும் மின்விசிறியைப் பற்றிப் புகார் சொல்லித் திருப்பி அனுப்பினார். டிராயிங் மாஸ்டருக்கு வேன் வந்தது. ஐந்தாம் மாடியில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. எட்டாவது வாரம் ஆப்பு தேறினாள். ‘வெப் நிபுணர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் ஆனது. மறுபடி திங்கள்கிழமை, மறுபடி அரங்கு, மறுபடி இரண்டு கோடுகள். முன்பு கீழே வந்தது இப்போது மேலே போயிற்று. உற்றுப் பார்த்தவர்களுக்கு, அதே படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

“வெப்போட காலம் முடிஞ்சுபோச்சு” என்றார் தலைவர். “இனிமே போன் ஆப்தான். இதை நாங்க முன்னாடியே எச்சரிச்சோம். சில பேரு காதுல வாங்கல.”

ஆப்புவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி மதியத்தில் திருட்டுத்தனமாக வேலை செய்ய வேண்டாம். நேராக ஐந்தாம் மாடிக்குப் போய், “தம்பி, நான் என் பழைய வேலைக்கே திரும்பிடறேன்” என்றாள்.

ஆலோசகர் கம்ப்யூட்டரில் பார்த்தார். “நீங்க வெப் நிபுணர்னு இருக்கே மேடம்.”

“அது நீங்க குடுத்தது. நான் ஒன்பது வருஷமா ஆப் பண்றவ. உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியும் மேடம். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. வெப்காரங்க எல்லாம் ஆப் அடிப்படைப் பயிற்சிக்கு வரணும். வெப்பு சாரும் நீங்களும் ஒரே வகுப்பு.”

வகுப்பில் ஆலோசகர் ஒரு புத்தகம் கொடுத்தார். புரட்டியதும் ஆப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு வருஷத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அவள் எழுதி வைத்த குறிப்புகள். அவள் பெயரை எடுத்துவிட்டு அட்டையில் தலைவரின் படத்தைப் போட்டிருந்தார்கள். அவள் விட்ட எழுத்துப் பிழைகள்கூட அப்படியே இருந்தன. நடுநடுவே துறையினர் மெருகேற்றியிருந்தார்கள். அந்த இடங்கள் எல்லாம் தப்பு.

“தம்பி, இந்தப் பக்கத்துல சொன்னபடி செஞ்சா போன் சூடாகி நின்னுடும்.”

“புத்தகத்துல அப்படித்தானே மேடம் இருக்கு?”

“அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தான்.”

“அப்ப நீங்களே புத்தகத்துக்கு மாறாப் பேசறது இன்னும் தப்பில்லையா?”

பரீட்சை வந்தது. ‘சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. ஆப்பு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். துறையின் சரியான விடை, ‘நிறுவனத்தின் சின்னத்தைக் காட்ட வேண்டும்.’ அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. வெப்புவுக்குத் தொண்ணூற்றொன்று. அவர் புத்தகத்தில் இருந்ததை அப்படியே மனப்பாடம் பண்ணிக் கொட்டியிருந்தார்.

“என்னை மன்னிச்சுக்கோ” என்றார் அவர். “எனக்குப் புரிஞ்சிருந்தா நானும் பெயில்தான் ஆகியிருப்பேன்.”

இதற்கிடையில் வெப்புவின் பதிவேட்டையும் ஆப்பாக மாற்றியிருந்தார்கள். பதிவு மேசையில் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் ஒற்றை விரலால் எழுபது பெயர்களை அடித்தார். ஒரு சின்ன மாற்றம் கேட்டாலும் போன் கம்பெனியின் அனுமதிக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தேறாதவர்களின் பழைய வேலைகளைத் தணிக்கை செய்வது வழக்கம். அப்போதுதான் வேன் ஆப் உயிரோடு இருப்பது வெளியே வந்தது. சாகடிக்கப்பட்ட ஆப், பொறுப்பாளர் என்று யாருமில்லாமல், எட்டு மாதமாக ஒரு புகார்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் இல்லாததுதான் அவர்களுக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. அவளுக்கு நோட்டீசு கொடுத்து விசாரணை வைத்தார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். ஓரத்தில் ஆலோசகர் குறிப்பெடுத்தார்.

“ஆப் பண்ணத் தகுதி இல்லாத ஒருத்தர் ஆஸ்பத்திரி ஆப்புல கை வச்சிருக்கீங்க. எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா?” என்றார் தலைவர்.

“சார், அந்த ஆப்பைச் செஞ்சதே நான்.”

“அப்ப செஞ்சீங்க. இப்ப முப்பத்தெட்டு மார்க்.”

“ஆப் நல்லா ஓடுதா இல்லையா? அதைப் பாருங்க.”

“நல்லா ஓடலன்னு நோட்டீசுல எங்கயாவது எழுதியிருக்கோமா? நல்லா ஓடுறதுதான்மா குத்தம். ஓடாம நின்னிருந்தா நாங்க சொன்னது சரின்னு ஆயிருக்கும். நீங்க தனியா உக்காந்து ஒரு துறையையே பொய்யாக்கியிருக்கீங்க.”

அவள் சட்டென்று, “சார், ஆப்பும் வேணும், வெப்பும் வேணும். எது எங்க வேணுமோ அது அங்க. இது உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?” என்று கேட்டாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆலோசகரைப் பார்த்து, எழுத வேண்டாம் என்று கை காட்டினார்.

“தெரியாம என்ன? முதல் வருஷமே தெரியும். அதைச் சொன்னா ஒரே வரியில முடிஞ்சுடும். ஒரு வரிக்கு எதுக்கும்மா நாப்பத்திரண்டு பேரு? ஆறு மாசத்துக்கு ஒருதடவை நீங்க எல்லாம் பயந்தாத்தான் எங்க மாடியில விளக்கு எரியும். எந்த வேலைக்கு எதிர்காலம்னு நீங்க கவலைப்படுறீங்க. எங்க வேலைக்கு எதிர்காலம் உங்க கவலைதான்.”

அவர் குரலில் வெட்கமே இல்லை. சாப்பாட்டு நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

“டிராயிங் மாஸ்டர் ஒருத்தர் மூணு மணி நேரம் படியில கிடந்தாரு” என்றாள் ஆப்பு. “அந்த மூணு மணி நேரத்தை உங்க கோட்டுல எந்தப் பக்கம் போட்டீங்க? மேல போறதுலயா, கீழ வர்றதுலயா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘தலைப்புக்குத் தொடர்பில்லாத கேள்வி’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ‘எனக்கு ஆப் செய்யத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறேன்.’ கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். நாளை காலைக்குள் வேண்டும்.

அன்றிரவு அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். காகிதத்தைப் பார்க்காமலே, “கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சுட்டு வேலையைப் பாரு” என்றார். அப்புறம் வாங்கி ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார்.

“இதுல போடாத” என்றார். “தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு இன்னொரு இடத்துல தெரியும்னு எந்த வாயால சொல்லுவ?”

மறுநாள் காலை அவள் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். மாலையே வேலைநீக்கக் கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில், ‘ஆப் துறையில் போதிய அறிவின்மை’ என்று இருந்தது.

எட்டாம் நாள் போன் கம்பெனிக்காரர்கள் ஏதோ புதுப் பதிப்பை விட்டார்கள். வேன் ஆப் திறக்காமல் நின்றது. ஆஸ்பத்திரி நிர்வாகி, பொறுப்பாளர் யார் என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினார். ஐந்தாம் மாடி ஏடுகளைப் புரட்டியது. ஏட்டின்படி அந்த ஆப் பத்து மாதத்துக்கு முன்பே செத்துவிட்டது. செத்ததற்குப் பொறுப்பாளர் கிடையாது. கடைசியில் தொண்ணூற்றொரு மார்க் வாங்கிய வெப்புவை அனுப்பி வைத்தார்கள்.

வெப்பு நிர்வாகி முன்னால் போய் நின்றார். “எனக்கு இது தெரியாது சார். எனக்குத் தெரியாதுன்னு எங்க ஆபீசுல எழுதி வாங்கிக்க மாட்டேங்கிறாங்க. தெரிஞ்சவளைத் தெரியாதுன்னு அனுப்பிட்டாங்க. அவ அக்கா உங்க கீழ்த்தளத்துலதான் இருக்காங்க.”

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆப் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் என்று இருந்தது. அன்றைக்கே ஆப்புவைக் கூப்பிட்டு விட்டார்கள். அவளை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் தகுந்த பதவி இல்லை. காலியாக இருந்தது லிப்ட் இயக்குபவர் இடம் ஒன்றுதான். அதில் போட்டார்கள். சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அக்கா ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, வேன் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் வேன்கள் தாமாக வந்தன.

நிறுவனத்தின் மாத இதழில் ஆப்புவின் படம் வந்தது. ‘நம் எதிர்காலத் துறையின் வழிகாட்டுதலால் மருத்துவத் துறையில் உயர்ந்தவர். மேலும் கீழுமாகப் பல தளங்களில் பொறுப்பு வகிக்கிறார்’ என்று கீழே எழுதியிருந்தது. வெப்பு அதை வெட்டி அனுப்பி வைத்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மதியம் அவளுக்கு ஒரு போன். ஆலோசகர்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? இங்க… நேத்து மீட்டிங். ஆலோசனை வேலைக்கே இனி எதிர்காலம் இல்லைன்னு தலைவர் அறிக்கை வச்சுட்டாரு. எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. அவர் மட்டும் இருக்காரு. அதை ஆராய்ச்சி பண்ண.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க ஆஸ்பத்திரியில எனக்கு ஏதாவது…”

“உங்களுக்கு என்ன வேலை தெரியும் தம்பி?”

அவர் நேர்மையாக யோசித்தார்.

“இங்க ஒரு ஆள் வேணும்” என்றாள் ஆப்பு. “மெஷின்ல இருந்து எழுந்து வர்றவங்களைத் தோள்ல தாங்கி வேன்ல ஏத்தி விடணும். காலைல ஆறரைக்கு வரணும். முடியுமா?”

“முடியும் மேடம்.” கொஞ்சம் தயங்கினார். பழக்கதோஷம் விடவில்லை. “அந்த வேலைக்கு எதிர்காலம் எப்படி மேடம்?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேன் வந்து நின்றது. டிராயிங் மாஸ்டர் கீழ்த்தளத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார்.

“வாரத்துக்கு மூணு நாள் வருவாங்க தம்பி” என்றாள் அவள். “ஒருத்தர் ஒரு வாரம் வரலன்னா, அப்புறம் வரவே மாட்டாரு. அதுக்கு மேல எனக்கு எதிர்காலம் தெரியாது. நீங்க ஆறரைக்கு வந்துடுங்க.”

போனை வைத்துவிட்டு மாஸ்டரின் கையைப் பிடிக்கப் போனாள்.